மலைக்குடிலில் ஓர் இரவு: பதினொரு பேர், முதல் முறை

பாறைப்பூ:

வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு மலைக்குடிலுக்கு நடந்து போய், இரவு தங்கி, மறுநாள் இறங்குவதாக இருக்கிறோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. போய்விட்டு அன்றே திரும்பும் மலைநடை எங்களில் பலருக்கும் பழக்கம்தான். மேலே தங்குவதுதான் எல்லாருக்கும் புதிது.

பாதை 12 கிலோமீட்டர். நடக்க ஆரம்பிக்கும் இடம் 1,400 மீட்டர் உயரத்தில், குடில் 2,300 மீட்டர் உயரத்தில். அங்கே சாலை கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரே கூடம், சுவரை ஒட்டி நீளமான மர மேடை, அதன் மேல் வரிசையாக மெத்தைகள். கம்பளி அவர்கள் தருவார்கள். கழிப்பறை வெளியே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் குடிலிலேயே. குளிக்க வசதி இல்லை.

குழுவில் என் பெரியம்மா இருக்கிறார், வயது 63. தினமும் நடப்பவர், ஆனால் ஏற்றத்தில் நிதானமாகத்தான் வருவார். அக்கா மகனுக்கு 14 வயது. அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் நெடுந்தூர ஓட்டக்காரர்கள். "நாங்கள் முன்னால் போய் நல்ல இடமாகப் பிடித்து வைக்கிறோம்" என்கிறார்கள். ஒரு தோழி முதுகில் பையோடு நடந்ததே இல்லை. மற்றவர்கள் நடுத்தரம்.

மணிக்கு 4 கி.மீ. என்று வைத்தால் மூன்று மணி நேரம் வருகிறது. சாவகாசமாகக் கிளம்பி 11 மணிக்கு நடக்க ஆரம்பித்தால் 2 மணிக்குச் சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. இது சரியா? வேகமாக நடப்பவர்களை முன்னால் போகவிடலாமா? என்ன சுமந்து போக வேண்டும், எதை விட்டுவிடலாம்? அப்புறம், பொதுக் கூடத்தில் தூங்கிப் பழக்கமில்லாதவர்களுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்? பெரியம்மா இதற்காக ஆசையாகக் காத்திருக்கிறார். அவருக்கு இது நல்லபடியாக அமைய வேண்டும்.

குடில்காப்பாளர்:

பாறைப்பூ, நான் ஒரு மலைக்குடிலில் பல பருவங்களாகப் பொறுப்பாளராக இருப்பவள். குழுக்கள் கீழே கிளம்பும்போது நான் பார்ப்பதில்லை, மேலே வந்து சேரும்போதுதான் பார்க்கிறேன். அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் குடில் வாசலில் நின்று பார்த்தவை.

முதலில் உங்கள் கணக்கு. மூன்று மணி நேரம் என்பது சமதரைக்குச் சரி. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஓர் எளிய விதி சொன்னார். ஒவ்வொரு 5 கி.மீ. தூரத்துக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதையில் தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 30 நிமிடம். மொத்தம் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அதுவும் நல்ல உடல்பலமுள்ள ஒருவர் நிற்காமல் நடந்தால். பதினொரு பேர் போகும்போது ஒருவர் ஸ்வெட்டரைக் கழற்ற நின்றால் பதினொரு பேரும் நிற்க வேண்டியிருக்கும். அதன் மேல் பாதி சேர்த்து ஆறு மணி நேரம் என்று வையுங்கள். 11 மணிக்கு ஆரம்பித்தால் மாலை 5 ஆகிவிடும். நடுவில் மழையோ கால் பிசகலோ வந்தால் இருட்டில்தான் வந்து சேர்வீர்கள்.

காலை 7 மணிக்கு நடக்க ஆரம்பியுங்கள். இருட்டை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே எழும்பி, மதியத்துக்கு மேல் மேகமாகத் திரளும். காலையில் துடைத்து வைத்தது போலிருந்த வானம் 3 மணிக்கு இடி இடிப்பது மலையில் சாதாரணம். அந்த நேரத்தில் நீங்கள் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், மேட்டு விளிம்பில் இருக்கக் கூடாது. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால், நீங்கள் ஏற்கெனவே ஆபத்தான தூரத்தில் இருக்கிறீர்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் விட முக்கியமானது: கடைசி ஒரு மணி நேரம். எங்கள் குடில் வாசலிலிருந்து பார்த்தால் பாதையின் கடைசித் திருப்பம் தெரியும். பல குழுக்கள் அங்கேதான் உடைகின்றன. கூரை கண்ணில் பட்டதும் முன்னால் இருப்பவர்களுக்குக் கால் தானாக வேகமெடுக்கும். வந்து ஷூவைக் கழற்றி, சூடாக ஏதாவது குடித்து, சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நாற்பது நிமிடம் கழித்து ஒருவர் தனியாக வந்து நிற்பார். உதடு வெளுத்திருக்கும். அவருக்கான தண்ணீர் முன்னால் போனவர் பையில் இருந்திருக்கும், மழைச் சட்டையும் அதே பையில். காலையிலிருந்து நன்றாக நடந்தவர்தான். உடம்பு களைத்து, குளிர் ஏறும் நேரத்தில் அவர் தனியாக விடப்பட்டதுதான் பிரச்சினை. பதினொரு பேரும் சேர்ந்தே வாசலைத் தாண்ட வேண்டும் என்று கீழேயே பேசிவிடுங்கள்.

இதற்கு நடக்கும் வரிசை முக்கியம். பாதை தெரிந்தவர் முதலில். பெரியம்மா அவருக்கு அடுத்து, இரண்டாவதாக. அப்போது முன்னால் நடப்பவர் காதில் அவருடைய மூச்சு விழும், வேகம் தானாகச் சரியாகும். மெதுவாக வருபவரை வால்பக்கம் விட்டால் அவர் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டேதான் நடப்பார். கடைசி ஆளாக, பதற்றப்படாத ஒருவர் வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. முதலுதவிப் பெட்டி அவரிடம் இருக்கட்டும்.

உங்கள் ஓட்டக்காரர்கள் இரண்டு பேருக்கும் நான் அனுமதி தரமாட்டேன். அவர்கள் பலத்துக்கு வேறு வேலை இருக்கிறது. பொதுச் சுமையை அவர்களிடம் கொடுங்கள்: கூடுதல் தண்ணீர், பொதுவான நொறுக்குத்தீனி, உங்கள் தோழி பையிலிருந்து இரண்டு கிலோ. இடம் பிடிப்பது தேவையே இல்லை. பெரும்பாலான குடில்களில் எந்தக் குழுவுக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுப்பாளர்தான் ஒதுக்குவார்.

ஓய்வைப் பற்றி ஒன்று. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, கடைசி ஆள் வந்ததும் "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்காது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும். நிற்கும்போதே கனமான மேல்சட்டையைப் போட்டுவிடுங்கள், நடுக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கிளம்பும்போது கழற்றிவிடுங்கள்.

குளிருக்கு வருகிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். உங்களுக்கு 900 மீட்டர் என்பதால் கிட்டத்தட்ட 6 டிகிரி. கீழே 22 இருந்தால் மேலே பகலிலேயே 16, இரவில் அதற்கும் நிறையக் கீழே. காற்று அடித்தால் இன்னும் உறைக்கும். பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காய நேரமாகும், காயும் வரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போது செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளி. குடிலுக்கு வந்ததும் மாற்ற, பிளாஸ்டிக் பையில் சுற்றிய உலர்ந்த ஒரு செட். அந்தச் செட்டை எந்தக் காரணத்துக்காகவும் வழியில் பிரிக்காதீர்கள். வந்ததும் பேச்சு, படம், தேநீர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஈரத்தை மாற்றுங்கள்.

கூடாரம் இல்லை, சமையல் இல்லை என்பதால் பை தண்ணீரோடு சேர்த்து ஆறேழு கிலோவைத் தாண்ட வேண்டியதில்லை. மழைச் சட்டை, உலர்ந்த செட், தொப்பி, கையுறை, ஆளுக்கொரு ஹெட்லாம்ப், மெத்தைக்கும் கம்பளிக்கும் நடுவே நுழைந்துகொள்ளும் மெல்லிய துணிப்பை, குடிலுக்குள் போட லேசான செருப்பு, பல்துலக்கி, மருந்து, ஊதல். ஹெட்லாம்ப் "இரண்டு பேருக்கு ஒன்று" என்பது வேண்டாம். கழிப்பறைக்கு அரைத் தூக்கத்தில் போகும்போதுதான் அந்த விளக்கின் அருமை தெரியும்.

துணிப்பையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் விட்டுவிட்டு வருவது அதைத்தான். மேலே தண்ணீர் அளவானது. கம்பளிகளை ஒவ்வொரு நாளும் துவைக்க வழியே இல்லை. சுவிஸ் ஆல்பைன் கிளப் தன் முதல் குடிலைக் கட்டியது 1863-இல். அந்த நாட்டுக் குடில்களில் இன்றும் அவரவர் துணிப்பையோடுதான் வரச் சொல்கிறார்கள், ஷூவை வாசலறையிலேயே விடச் சொல்கிறார்கள். காரணம் எளிது. மேலே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் யாரோ, எதுவோ சுமந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் லெகான்ட் விடுதி என்று ஒன்று உண்டு. அங்கேயும் சாலை கிடையாது, விருந்தினர் நடந்துதான் போக வேண்டும். சலவைத் துணியையும் உணவுப் பொருளையும் லாமா விலங்குகள் முதுகில் ஏற்றிப் போகிறார்கள். ஆகவே உங்கள் குப்பையை எங்களிடம் விட்டுப் போகாதீர்கள். பழத்தோல் உட்பட எல்லாம் உங்கள் பையிலேயே கீழே போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதைக் கிளம்பும் முன் உறுதி செய்து சொல்லுங்கள். 2,300 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் எதுவும் வேக நேரம் பிடிக்கும். நாங்கள் இரவுச் சமையலை மதியமே தொடங்கிவிடுவோம். கடைசி நேரத்தில் இரண்டு பேர் கூடினால் அடுப்பை அவசரப்படுத்த முடியாது.

இரவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுக் கூடத்தில் தூக்கத்தைக் கெடுப்பதில் குறட்டை இரண்டாவது இடத்தில்தான். முதல் இடம் பிளாஸ்டிக் கவர். விடியற்காலை 4 மணிக்கு ஒருவர் சரசரவென்று பையைக் குடைந்தால் கூடமே விழித்துக்கொள்ளும். இரவே பையை அடுக்கி, காலையில் போட வேண்டியதைத் தலைமாட்டில் வைத்துவிடச் சொல்லுங்கள். ஹெட்லாம்பில் சிவப்பு விளக்கு இருந்தால் கூடத்துக்குள் அதையே பயன்படுத்துங்கள். காதடைப்பான் பதினொரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், எடையே கிடையாது. குறட்டை விடுபவர்கள் கொஞ்சம் தாமதமாகப் படுத்தால் மற்றவர்கள் முதலில் தூங்கிவிடுவார்கள். பெரியம்மாவுக்குக் கதவோர மெத்தை கேளுங்கள். நடுவில் படுத்தால் வெளியே போக ஐந்து பேரைத் தாண்டவேண்டும் என்று தயங்கி, பலர் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அது உடம்புக்கு ஆகாது.

நனைந்த ஷூவை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அடிப்பாகம் ஒட்டியிருக்கும் பசை சூட்டில் விட்டுவிடும், தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்துத் தள்ளி வையுங்கள். நாங்கள் பழைய தாள் வைத்திருப்போம், கேளுங்கள்.

மெல்லநட:

எந்தக் குழுவில் போனாலும் கடைசியாக நடப்பவன் நான். மெதுவாக நடப்பவர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன், உங்கள் பெரியம்மாவுக்காக.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று யாரும் சொல்ல வேண்டாம். உண்மையான தூரத்தைச் சொல்லுங்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் என்று தெரிந்தால் நான் அதற்கேற்ற மாதிரி மூச்சைப் பங்கிட்டுக்கொள்வேன். பத்து நிமிடம் என்று சொல்லி அது ஐம்பது நிமிடமானால் மனம் சோர்ந்துவிடும், மனம் சோர்ந்தால் கால் நகராது.

என் குதிகாலை ஒட்டி யாரும் நடக்க வேண்டாம். பின்னால் ஒருவர் மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தால் என் நடை என்னுடையதாக இருக்காது. காப்பாளர் அக்கா பெரியம்மாவை இரண்டாவதாக நடக்கச் சொன்னது நல்ல யோசனை. ஆனால் மூன்றாவதாக வருபவர் பத்தடி இடைவெளி விட்டு வரட்டும்.

கேட்காமல் பையைப் பிடுங்காதீர்கள். உதவிதான், புரிகிறது. ஆனால் கிளம்பும்போதே "பொதுச் சுமையைப் பிரிக்கிறோம், உங்கள் பையிலிருந்து இதையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று எல்லாரோடும் சேர்த்துச் செய்தால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. நடுவழியில், மூச்சு வாங்கும்போது, எல்லார் முன்னாலும் பையை வாங்கினால் அது வேறு விதமாக இருக்கும்.

அப்புறம், ஏற்றத்தில் என்னிடம் கேள்வி கேட்காதீர்கள். பதில் சொல்ல மூச்சு வேண்டும். நீங்கள் கதை சொல்லுங்கள், நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

முன்கால்:

வேகமாக நடப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்து. ஆறு மணி நேரம் சொந்த வேகத்தில் பாதியில் நடப்பதும் உடம்புக்குச் சிரமம்தான். நின்று நின்று நடந்தால் தசை குளிர்ந்துபோகும், எரிச்சலும் வரும், அந்த எரிச்சல் குழு முழுக்கப் பரவும். அந்த இரண்டு பேரையும் முன்கூட்டியே குறித்த இடம் வரை போகவிடுங்கள். ஓடை, பாலம், பாதை பிரியும் இடம் என்று வரைபடத்தில் நாலைந்து குறித்து, அங்கே கட்டாயம் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். தனியாக ஒருவர் போகக் கூடாது, இருவரும் சேர்ந்தே. தங்கள் தண்ணீரும் மழைச் சட்டையும் தங்களிடமே. அவர்கள் முன்னால் போனால் ஓடையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பாதையில் மரம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தும் வைப்பார்கள்.

கடைசி ஒரு மணி நேரம் சேர்ந்து நடப்பது பற்றி எனக்கு மறுப்பே இல்லை. அது சரி.

குடில்காப்பாளர்:

முன்கால், பாதை பிரியும் இடங்களில் நிற்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் சரி, காலையில் முதல் பாதி மட்டும். ஆனால் பொதுச் சுமை அவர்களிடம் இருந்தால் முன்னால் போகக் கூடாது. இரண்டில் ஒன்று. மூடுபனி இறங்கினால் அந்த ஏற்பாடு அங்கேயே முடிந்தது, எல்லாரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கும் தூரத்தில் நடக்க வேண்டும்.

மெல்லநட சொன்னதில் பையைப் பற்றிய பகுதியை நான் அச்செடுத்து எங்கள் குடில் சுவரில் ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

மருந்துப்பெட்டி:

நான் செவிலி, மலைநடைக் குழுக்களோடு உதவிக்குப் போவதுண்டு. உடல்நலம் சம்பந்தமாக மட்டும் சொல்கிறேன்.

உயர நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலைக்குரியது. 2,300 என்பது அதற்குச் சற்றுக் கீழே. ஆனாலும் சிலருக்கு அங்கேயே லேசான தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். பதற வேண்டாம், தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு சேர்ந்தால் அது வேறு. அப்போது விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே பொறுப்பாளரிடம் சொல்லி, துணையோடு கீழே இறக்க வேண்டும்.

இதைத் தலைவலியோடு சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே கூடத்தில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் உயரத்தையோ சாப்பாட்டையோ காரணமாக நினைக்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள். விறகோ கரியோ எரியும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எல்லாரையும் எழுப்பி வெளியே கொண்டு வாருங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள். குளிருக்காகக் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. தூங்கும் இடத்துக்குள் கரிச்சட்டி கொண்டு வரவே கூடாது.

கை கழுவ சோப்பு எடுத்துப் போங்கள். சானிட்டைசர் மட்டும் போதாது. இப்படி நெருக்கமாகத் தங்கும் இடங்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் மீது ஆல்கஹால் திரவம் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் பலன் தரும்.

கொப்புளத்துக்கு வந்த பிறகு செய்யும் வைத்தியத்தைவிட, தோல் சூடாக உறுத்த ஆரம்பித்த நிமிடமே நின்று டேப் ஒட்டுவது நல்லது. குழுவை நிறுத்தக் கூச்சப்பட்டுத்தான் பலர் கொப்புளத்தோடு வருகிறார்கள். பாறைப்பூ, முதல் அரை மணி நேரம் முடிந்ததும் நீங்களே எல்லாரையும் நிறுத்தி "யாருக்காவது கால் உறுத்துகிறதா?" என்று கேளுங்கள். புது ஷூவோடு யாரும் வரக் கூடாது.

இறக்கத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் தொடைத் தசை அடி வாங்கும். உடம்பைத் தாங்கிக்கொண்டே தசை நீள்வதால் அதன் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அந்த வலி உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான். குறுகிய அடிகள், முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பெரியம்மாவுக்கு இரண்டு நடைக்குச்சிகள் கட்டாயம். இறங்கும்போது குச்சியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாரும் கால் நகம் வெட்டட்டும், இறக்கத்தில் விரல் ஷூ முனையில் இடித்து நகம் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரும் தினமும் சாப்பிடும் மருந்தை ஒரு நாளைக்குக் கூடுதலாகவே எடுத்து வரட்டும். யாருக்கு என்ன மருந்து, என்ன ஒவ்வாமை என்பதை ஒரு தாளில் எழுதி உங்களிடமும் கடைசி ஆளிடமும் வைத்திருங்கள். வெயிலும் உண்டு, மறந்துவிடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். குளிராக இருப்பதால் தோல் எரிவது தெரியாது.

பாறைப்பூ:

எல்லாருக்கும் நன்றி. 7 மணி என்று மாற்றிவிட்டேன். ஓட்டக்காரர்களிடம் இந்தப் பதில்களை அப்படியே அனுப்பினேன். பொதுச் சுமையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், முன்னால் போகப் போவதில்லை. பெரியம்மாவிடம் மெல்லநட எழுதியதை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

மிச்சமிருக்கும் கேள்விகள். பாதி வழியில் பெரியம்மாவால் முடியவில்லை என்றால் என்ன செய்வது? அக்கா மகன் கைபேசி இல்லாமல் இருக்கமாட்டான், மேலே சார்ஜ் வசதி இல்லை. அப்புறம், ஊதல் எதற்கு? அன்று காலை வானிலை மோசமாக இருந்தால் போய்ப் பார்க்கலாமா, அல்லது அப்படியே கைவிட வேண்டுமா?

குடில்காப்பாளர்:

ஊதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மலையில் உதவி கேட்கும் சைகை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், பல நாடுகளில் பழக்கத்தில் இருப்பது இது: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊத வேண்டும், ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார்கள். பதில் வந்த பிறகும் நிறுத்தக் கூடாது, ஆட்கள் வந்து சேரும் வரை ஊத வேண்டும். இருட்டில் இதையே விளக்கை அணைத்து எரித்துச் செய்யலாம். பனிமூட்டத்தில் கத்தினால் குரல் போய்விடும், ஊதல் போகாது. பதினொரு பேர் கழுத்திலும் தொங்க வேண்டும். அந்தப் பையனிடம் இந்தச் சைகையை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். 14 வயதுக்காரர்கள் இந்த மாதிரி வேலையை மிகச் சரியாகச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கைபேசி: வழி முழுக்க விமானப் பயன்முறையில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் அதைத் தேடித் தேடியே பேட்டரி தீரும். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் போர்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழுவுக்குப் பவர் பேங்க் ஒன்று போதும், அது உங்களிடம் இருக்கட்டும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு, தாளிலும் ஒன்று எடுத்து வாருங்கள்.

பெரியம்மா விஷயம். இதை வழியில் முடிவு செய்யக் கூடாது. மேலே போகும் ஆசையில் எல்லாரும் "முடியும், முடியும்" என்பார்கள், அவரும் உங்களுக்காக "முடியும்" என்பார். பாதி வழியில் ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் இப்போதே குறியுங்கள். உங்கள் கணக்குப்படி 10 மணிக்கு நடுவழி. 11 மணிக்கும் அங்கே சேரவில்லை என்றால் திரும்புவது என்று வையுங்கள். குழு முழுக்கத் திரும்புவதா, சிலர் மட்டும் திரும்புவதா என்பதும் இப்போதே பேச வேண்டியது. சிலர் என்றால் அவரோடு இரண்டு பேர் இறங்க வேண்டும், அதில் ஒருவர் பாதை தெரிந்தவர். யார் அந்த இரண்டு பேர் என்று பெயர் சொல்லிக் கேட்டு வையுங்கள். அப்படி ஒப்புக்கொண்ட இருவர் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே அவர் மனப்பாரம் இல்லாமல் நடப்பார்.

இன்னொன்று. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பையோடு, ஏற்றமுள்ள ஏதாவது ஒரு பாதையில் நாலு மணி நேரம் அவரையும் உங்கள் தோழியையும் கூட்டிப் போங்கள். பை எங்கே அழுத்துகிறது, ஷூ எங்கே கடிக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிக் கட்ட உங்கள் தோழிக்குச் சொல்லிக்கொடுங்கள். சுமையின் பெரும்பங்கு அங்கேதான் உட்கார வேண்டும், தோளில் இல்லை.

வானிலை: வெறும் தூறல் என்றால் வாருங்கள், மழைச் சட்டை அதற்குத்தான். இடி மின்னல் எச்சரிக்கை, பலத்த காற்று, அல்லது ஓடையைக் கடக்கும் பாதையில் முந்தைய இரவு கனமழை என்றால் வரவே வேண்டாம். மலை ஓடை சில மணி நேரத்திலேயே கடக்க முடியாதபடி பெருகிவிடும். அடிவாரத்துக்கான முன்னறிவிப்பை மட்டும் பார்க்காதீர்கள், மலைக்கென்று தனியாக இருந்தால் அதைப் பாருங்கள். அதன் பிறகு குடிலுக்கு ஒரு போன் போட்டு, மேலே எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்வோம்.

வரவில்லை என்று முடிவு செய்தாலும், பாதி வழியில் திரும்பினாலும், எங்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சிக்னல் கிடைக்கும் முதல் இடத்திலிருந்து. பதிவு செய்த குழு இருட்டிய பிறகும் வரவில்லை என்றால் நாங்கள் விளக்கோடு கீழே இறங்கித் தேட ஆரம்பித்துவிடுவோம். நீங்கள் பத்திரமாக வீட்டில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் மழையில் பாதையில் இருக்கக் கூடாது. அதே மாதிரி, நீங்கள் எப்போது கீழே வந்து சேர்வீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த நேரம் தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

கதவோர மெத்தையை இப்போதே கேட்டுவிடுங்கள், அது முதலில் கேட்பவருக்குத்தான் போகும்.